‘பணிநேரம் முடிந்துவிட்டது’ என்று விமானத்தை ரத்து செய்வது வெறும் சாக்கா?

கேள்வி: “விமானப் பாதுகாப்புக்கும் பணியாளர் வேலைநேரத்துக்கும் ஐரோப்பா முழுவதும் ஒரே விதிதான் என்கிறார்கள். அவசியமானால் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பறக்கவும் அந்த விதி இடம் தருகிறதாம். பிறகு ஏன் ‘பணியாளர்களின் நேரம் முடிந்துவிட்டது’ என்று சொல்லிப் பயணிகளை நடுவழியில் விட்டுவிடுகிறார்கள்?”

கேள்வியில் உள்ள சூட்டைப் பார்த்தால், கோடை விடுமுறையில் ஏதோ ஒரு தீவு விமான நிலையத்தில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தவர் நீங்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால், அந்த மாதிரி இரவுகளில் தொலைபேசியின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவன் நான். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு விமான நிறுவனத்தின் குரூ கன்ட்ரோல் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. யாருக்கு உடம்பு சரியில்லை, ஸ்டாண்ட்பையில் (அழைத்தால் வரத் தயாராக) இருக்கும் யாரை எழுப்பலாம், யாருடைய நேரம் எத்தனை மணிக்குத் தீரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அந்த வேலை. (விமான நிறுவனத்தில் வேலை என்றவுடன் மலிவு டிக்கெட் கேட்கும் உறவினர்கள் யாருக்கும் இதை இன்றுவரை என்னால் புரியவைக்க முடியவில்லை.) நான் விமானியும் அல்ல, வழக்கறிஞனும் அல்ல. கீழே வரும் எண்கள் எல்லாம் அந்தத் திரையோடு வாழ்ந்ததால் மனப்பாடமானவை.

முதலில், ‘ஒரே விதி’ என்பது நீங்கள் நினைப்பதைவிட மிகவும் இளையது. 1990களில் ஐரோப்பிய விமான ஆணையங்கள் ஒன்றுகூடிப் பொதுவான இயக்க விதிகளை எழுதியபோது, கதவு, இருக்கை, எரிபொருள், பயிற்சி என்று ஏறக்குறைய எல்லாவற்றிலும் உடன்பட்டார்கள். பணிநேரத்தில் மட்டும் உடன்பாடு வரவில்லை. அந்த விதித்தொகுப்பில் ‘கியூ’ என்ற உட்பிரிவு, பின்னர் நிரப்பப்படும் என்ற குறிப்போடு காலியாகவே அச்சாகியிருந்தது. பிரிட்டன் 1975 முதல் தன்னுடைய சொந்த நேர வரம்புகளைக் கடைப்பிடித்து வந்தது. மற்ற நாடுகள் தத்தம் வழியில் போயின. காலியாகக் கிடந்த அந்தப் பக்கம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமாக நிரம்பி நடைமுறைக்கு வந்தது 2008 ஜூலை 16 அன்றுதான். அப்போதும்கூட ஸ்டாண்ட்பை, இடையில் ஓய்வு கொடுத்துப் பிரிக்கப்படும் பணி, கூடுதல் விமானிகளோடு பறக்கும் நீண்ட பயணம் போன்றவை அந்தந்த நாட்டு ஆணையத்தின் கையிலேயே விடப்பட்டிருந்தன. அவற்றையும் சேர்த்து ஒரே விதியாக்கிய 83/2014 ஒழுங்குமுறை 2016 பிப்ரவரி 18 முதல் அமலுக்கு வந்தது. விமானிகளின் சங்கங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன; 2013-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழுவே எதிராக வாக்களித்தது; சில நாட்களில் முழு அவை அதை ஏற்றுக்கொண்டது.

ஒரே விதி கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கருத்துப் பெட்டியில் எழுத வர வேண்டாம். ஓடுபாதை ஒன்றாக இருக்கும்போது, அதில் அடுத்தடுத்து இறங்கும் இரண்டு விமானங்களின் பணியாளர்கள் வெவ்வேறு நாட்டுக் கணக்கில் களைத்திருப்பது அபத்தம். வரம்பு தளர்வாக உள்ள நாட்டில் பதிவு செய்துகொண்டு மற்றவர்களைவிட மலிவாகப் பறக்கும் வழியையும் பொது விதி பெருமளவு அடைத்தது. என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு கணக்கு வேண்டும்.

காலை 6 மணிக்கும் பிற்பகல் 1:29-க்கும் இடையில் பணிக்கு வருபவர், ஒன்று அல்லது இரண்டு பறப்புகள் என்றால் அதிகபட்சம் 13 மணி நேரம் பணியில் இருக்கலாம். மூன்றாவது பறப்பிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அரை மணி குறையும். ஆகவே நான்கு பறப்புகளுக்கு 12 மணி நேரம். மாலை 5 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையில் தொடங்கினால், இரண்டு பறப்புகளுக்கே 11 மணி நேரம்தான். இதற்கு மேல், எதிர்பாராத சூழ்நிலையில் தலைமை விமானி தன் சொந்தத் தீர்மானத்தில் இரண்டு மணி நேரம் வரை நீட்டிக்கலாம். நீங்கள் கேள்விப்பட்ட இரண்டு மணி நேரம் இதுதான். ஆனால் அது நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்ட நேரம் அல்ல. அதைப் பயன்படுத்தும் முன்பு, பணியாளர்கள் ஒவ்வொருவரிடமும் விழிப்பு எப்படி இருக்கிறது என்று தலைமை விமானி கேட்டறிய வேண்டும். பயன்படுத்தினாலும் மறுத்தாலும் அதற்காக அவரை நிறுவனம் தண்டிக்கக் கூடாது. நீட்டிப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் 28 நாட்களுக்குள் ஆணையத்துக்கு அறிக்கை போக வேண்டும். இத்தனையும் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

2018 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. கொலோனிலிருந்து ஸ்பெயினின் மயோர்கா தீவிலுள்ள பால்மா, திரும்பக் கொலோன், மறுபடி பால்மா, மறுபடி கொலோன்: நான்கு பறப்புகள். பணிக்கு வர வேண்டிய நேரம் 11:00. கடைசிப் பறப்பு வந்து நிற்க வேண்டிய நேரம் 22:55. அதாவது 12 மணி நேர வரம்பில் ஐந்து நிமிடம் மிச்சம். இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் அதைக் குறையாகப் பார்க்கவில்லை, கைத்திறனாகப் பார்த்தார். அந்தக் கோடையில் வான்வழி நெரிசலும் வேலைநிறுத்தங்களும் சேர்ந்து ஐரோப்பாவின் விமான அட்டவணைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தன. அன்றும் இரண்டாவது பறப்பில் தொடங்கிய ஸ்லாட் (கிளம்ப ஒதுக்கப்படும் நேரம்) தாமதம் கூடிக்கொண்டே போய், பால்மாவிலிருந்து கடைசியாகக் கிளம்ப 22:25 ஆகும், கொலோன் வந்துசேர 00:40 ஆகும் என்று நின்றது.

திரையில் அந்தக் குழுவின் வரி முதலில் சிவப்பானது. நீட்டிப்புக்கான கட்டத்தை அழுத்திப் பார்த்தேன். 01:00 வரை பச்சை. 21:50-க்குத் தலைமை விமானியை அழைத்தேன். “வந்துவிடலாம் என்று கணக்கு சொல்கிறது, இருபது நிமிடம் கையிருப்பு இருக்கிறது” என்றேன். “கணக்கு எனக்கும் தெரியும், ஆட்களைக் கேட்டுச் சொல்கிறேன்” என்றார். அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும். “பால்மாவில் இன்று அறைகளே இல்லை, 174 பயணிகளும் தரையில்தான் படுக்க வேண்டியிருக்கும், முடிவு உங்களுடையது” என்று சேர்த்தேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தை எதற்காகச் சொன்னேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்கு நிமிடம் கழித்து, வருகிறோம் என்று செய்தி வந்தது. என் மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

விமானம் 00:40-க்குப் பத்திரமாக வந்து நின்றது. கதவுகளை அவசரநிலையிலிருந்து சாதாரண நிலைக்கு மாற்றும்படி அறிவிப்பு வந்தது. பின்கதவில் நின்ற இளம் பணியாளர் மாற்றாமலேயே மாற்றிவிட்டதாகச் சொல்லிவிட்டுக் கைப்பிடியைத் தூக்கத் தொடங்கினார். கதவைத் திறந்தால் தானே விரியும் அவசரச் சறுக்குப்பை இன்னும் இணைப்பில் இருக்கிறது என்று காட்டும் வெள்ளை விளக்கு எரிந்தது. எதிர்க்கதவில் இருந்தவர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நொடி தவறியிருந்தால், வெளியே ஏணியை நகர்த்திக்கொண்டிருந்தவரின் மேல் அந்தச் சறுக்குப்பை வெடித்து விரிந்திருக்கும். எதுவும் நடக்கவில்லை. ஒரு பக்க அறிக்கை மட்டும் திங்கட்கிழமை எங்கள் பிரிவுக்கு வந்தது.

அதில் அந்த இளம் பணியாளர் தன் கைப்பட எழுதியிருந்தார்: நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாததால் இரண்டரை மணி நேர ரயில் தூரத்தில் குடியிருக்கிறார்; அன்று எழுந்தது காலை 6 மணிக்கு. அதாவது கதவைத் தொட்டபோது அவர் விழித்திருந்தது 18 மணி நேரம் 40 நிமிடம். வீட்டிலிருந்து பணியிடத்துக்கு வரும் நேரம் எந்தக் கணக்கிலும் வராது. பயணம் வழக்கமாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் அருகில் தற்காலிகமாகத் தங்குவதைப் பணியாளர் யோசிக்கலாம் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. எந்தப் பணத்தில் என்று சொல்லவில்லை. பால்மாவில் தலைமை விமானி எல்லோரையும் சமையலறைப் பகுதியில் கூட்டி, “யாருக்காவது முடியாதா?” என்று கேட்டிருக்கிறார். 180 இருக்கை விமானத்துக்கு, 50 இருக்கைக்கு ஒருவர் வீதம், நான்கு கேபின் பணியாளர்கள் வேண்டும். ஒருவர் முடியாது என்றாலும் அத்தனை பயணிகளோடு கிளம்ப முடியாது. அந்த இளம் பணியாளரின் ஒப்பந்தமோ செப்டம்பரில் முடிகிறது, நீட்டிப்பு இன்னும் கையெழுத்தாகவில்லை. அவர் கையை உயர்த்தவில்லை.

நிறுவனம் அவருக்கு மறுபயிற்சி கொடுத்தது. எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நான் தவறேதும் செய்யவில்லையே! இதைப் படிக்கும் குரூ கன்ட்ரோல் நண்பர்கள், ‘நாங்கள் யாரையும் வற்புறுத்துவதில்லை’ என்று எழுதுவார்கள் என்று தெரியும். நானும் அன்று அப்படித்தான் சொன்னேன். தலைமை விமானி உறுதியாக மறுத்திருக்கலாமே என்பவர்களுக்கு: மறுத்திருக்கலாம்தான், அந்த உரிமை அவருக்கு இருந்தது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் எந்த விமானி எத்தனை முறை மறுத்தார் என்று ஒருவர் மனக்கணக்கு வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மனக்கணக்குக்கு ஆவணம் கிடையாது.

என்னை இன்றும் உறுத்துவது ‘எதிர்பாராத சூழ்நிலை’ என்ற சொல். அந்தப் பட்டியல் அதற்கு முந்தைய வாரங்களிலும் வரம்பைத் தாண்டியிருந்தது. இதற்கும் விதி இருக்கிறது: ஓர் அட்டவணை, ஒரு பருவத்தில் 33 சதவீதத்துக்கு மேற்பட்ட பணிகளில் அதிகபட்சப் பணிக்காலத்தைத் தாண்டினால், நிறுவனம் அதை மாற்ற வேண்டும். முதலில் படித்தபோது நல்ல பாதுகாப்பு என்றுதான் நினைத்தேன். பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. ஏறக்குறைய மூன்று நாளில் ஒரு நாள் தாண்டினாலும் அட்டவணையைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. எங்கள் மாதக் கூட்டத்தில் 31 சதவீதம் என்ற எண் வந்தபோது அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். வரம்பு என்று எழுதப்பட்டது இலக்காகிவிட்ட கதை இது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் தலைமையகம் அதே கொலோன் நகரில், மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடம் தெரியும்போதெல்லாம், இந்த 33-ஐ எழுதியவர் இப்போது உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருப்பாரோ என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று: பொதுவாக்கப்பட்டவை மணிக்கணக்குகள்தான். ஆண்டுக்கு 900 பறப்பு மணி, 28 நாளில் 100 மணி, ஏழு நாளில் 60 பணி மணி: இவை லிஸ்பனிலும் ஹெல்சிங்கியிலும் ஒன்றே. சம்பளமும் ஒப்பந்தமும் ஒன்றல்ல. விமானம் தரையில் காத்துக் கிடக்கும் நேரத்துக்குப் பல இடங்களில் பணியாளருக்குப் பறப்புப்படி கிடையாது. சமூகக் காப்பீடு பணியாளரின் தளம் (வழக்கமாகப் பணியைத் தொடங்கி முடிக்கும் இடம்) அமைந்த நாட்டைச் சேர்ந்தது என்று ஐரோப்பிய விதி தெளிவுபடுத்தியதே 2012-இல்தான். பெல்ஜியத்தின் சார்லெருவா தளத்தில் வேலை செய்தவர்கள், அயர்லாந்து நீதிமன்றத்தில்தான் வழக்காட வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு போராடி, 2017 செப்டம்பரில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் சாதகமான தீர்ப்புப் பெற்றார்கள். வழக்கமாக எங்கிருந்து வேலை செய்கிறார் என்பதைத் தீர்மானிக்கத் தளம் முக்கியமான அடையாளம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ‘விழிப்பாக இருக்கிறாயா’ என்ற கேள்விக்குப் பால்மாவில் கிடைத்த பதில், பணிநேர விதியைவிட இப்படிப்பட்ட ஒப்பந்தங்களோடுதான் அதிகம் தொடர்புடையது என்பது என் எண்ணம்.

ஆகஸ்டில் அதே பட்டியல், அதே தாமதம், வேறொரு தலைமை விமானி. நான் நேரத்தை மட்டும் சொன்னேன். அறையைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஆட்களைக் கேட்டுவிட்டு, முடியாது என்றார். ‘பணியாளர்களின் நேரம் முடிந்துவிட்டது’ என்ற அறிவிப்பு பால்மாவில் ஒலித்தது. மேலாளர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. அன்று தரையில் படுத்தவர்களில் நீங்களும் ஒருவராக இருந்திருந்தால், உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அதைப் பணியாளர்கள் மேல் காட்டாதீர்கள். விமானப் பயணிகளின் உரிமைகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி அந்த இரவுக்கான உணவும் தங்கும் அறையும் கொடுப்பது நிறுவனத்தின் கடமை, தாமதத்துக்கு யார் காரணமாக இருந்தாலும். அறை தராவிட்டால் நீங்களே நியாயமான விலையில் எடுத்து ரசீதை அனுப்புங்கள். 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணம் ரத்தானால் 250 யூரோ இழப்பீடும் கேட்கலாம். அசாதாரண சூழ்நிலை என்று சொல்லி மறுப்பார்கள். அப்போது, அந்தப் பணிப்பட்டியலில் எத்தனை நிமிடம் மிச்சம் வைத்திருந்தீர்கள் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.