டப்பா எங்க ஒளிஞ்சிருக்கு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஜியோகேச்சிங் பத்தி ஒரு துணுக்கு போட்டிருந்தோம். அதாங்க, யாரோ ஒளிச்சு வெச்ச டப்பாவ ஜிபிஎஸ் வெச்சு தேடிக் கண்டுபிடிச்சு, உள்ள இருக்கற நோட்டுல பேரும் தேதியும் எழுதிட்டு, இருந்த எடத்துலயே திருப்பி வெச்சிட்டு வர்ற விளையாட்டு. லீவு நேரம் வேறயா, கடுதாசி, வாட்ஸ்அப்னு வந்து குமிஞ்சதுல இந்த வாரம் வேற கேள்விக்கே எடமில்ல. ராசிபலன் சந்தேகம் அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், பெங்களூரு பக்கம் இருக்கற ஒரு பெரிய தீம் பார்க்குக்கு குடும்பத்தோட போறோம், மாமனார் மாமியாரும் வர்றாங்க. பையன் ஏழாவது படிக்கறான். பார்க்குக்குள்ள ஒரு டிபன் பாக்ஸ ஒளிச்சு வெச்சு அந்த எடத்த ஆப்ல போட்டே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். வீட்டுக்காரர் வேற "பெஞ்சுக்கு அடியில சொருகிட்டா போச்சு"ங்கறார். செய்யலாமா? – வாசகி, சூரமங்கலம்

வேண்டாம்மா. அதுவும் டிபன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். நம்ம ஊர்ல ஆளில்லாம ஒரு டிபன் பாக்ஸ் கெடந்தா அதுக்குள்ள தயிர் சாதம் இருக்கும்னு யாரும் நினைக்கறதில்ல, பஸ் ஸ்டாண்டுலயும் ரயில்வே ஸ்டேஷன்லயும் மைக்ல என்ன சொல்லிட்டே இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். வாசல்ல பையத் தொறந்து பாத்து உள்ள விடற எடத்துல நீங்களே ஒரு மூடின டப்பாவ மறைச்சு வெச்சா செக்யூரிட்டிக்கு வேற என்ன தோணும், மாமனார் மாமியார உக்கார வெச்சுட்டு நீங்க ஆபீஸ் ரூம்ல விளக்கம் சொல்லிட்டு நிக்கணும்.

சரி, அது போகட்டும், விளையாட்டோட ரூல்ஸும் இதுக்கு ஒத்துக்காது. எடம் யாருதோ அவங்க அனுமதி வேணும், டப்பாவ வெச்சவங்களே அப்பப்ப போய் பாத்து நனைஞ்ச நோட்ட மாத்தணும், அதனால டூர் போன எடத்துல வெச்சுட்டு ஊர் திரும்பற டப்பாவ பொதுவா ஜியோகேச்சிங் சைட்காரங்க லிஸ்ட்ல சேத்துக்கறதில்ல. ஏற்கனவே இருக்கற டப்பாவுக்கும் புது டப்பாவுக்கும் நடுவுல 161 மீட்டராவது இடைவெளி இருக்கணும்னும் ஒண்ணு உண்டு. இதெல்லாத்தையும் மீறி வெச்சாலும் ராட்சச இரும்பு ரைடுக்கு பக்கத்துல சிக்னல் கம்பியில பட்டு எகிறி வந்து போன் உங்கள அங்கயும் இங்கயும் இழுத்தடிக்கும். தண்ணி ரைடுக்கு போனா போனே லாக்கர்ல.

ஆனா பையன ஏமாத்த வேணாம், வேற வழி இருக்கு. இந்த விளையாட்டுலயே பல கட்டமா போற வகை ஒண்ணு உண்டு, முதல் எடத்துல டப்பா இருக்காது, ஒரு போர்டுல இருக்கற நம்பர எடுத்து கணக்குப் போட்டா கடைசி எடம் கெடைக்கும். நீங்க கெளம்பறதுக்கு முந்தின நாள் உங்க மொட்டை மாடிக்கு போய் பொசிஷன, அதாவது ஜிபிஎஸ் காட்டற வடக்கு, கிழக்கு நம்பர எடுத்துக்கோங்க, வீட்டுக்குள்ள நின்னு எடுத்தா சரியா காட்டாது. உதாரணத்துக்கு வடக்கு 11° 39.472னு வருதுன்னு வைங்க. 11° 39 வரைக்கும் பையனுக்கு குடுத்துட்டு, புள்ளிக்கு அப்புறம் வர்ற 4, 7, 2 மூணு இலக்கத்த மட்டும் அவன் கண்டுபிடிக்கட்டும். பரிசெல்லாம் போட்டு டப்பாவ மாடி டேங்குக்கு பின்னால வெச்சிருங்க, யாருக்கும் மூச்சு விடாதீங்க, முக்கியமா வீட்டுக்காரருக்கு. பார்க்குல காலைல கியூவுல நிக்கறப்பவே ஒரு ரைடு போர்டுல "140 செ.மீ. உயரம் வேணும்"னு இருக்கறத பாத்துட்டீங்கன்னா, ஒண்ணு நாலு சைபர் கூட்டினா அஞ்சு, அதுல ஒண்ணு கழி, நாலு, ஆச்சு முதல் இலக்கம். இப்படியே லாக்கர் நம்பர், ஐஸ்கிரீம் விலை எதுல இருந்தாவது மத்த ரெண்டையும் கூட்டிக் கழிச்சு வர்ற மாதிரி துண்டுச்சீட்டுல எழுதிக் குடுங்க. கிழக்கு பக்கத்து நம்பர அப்படியே குடுத்திருங்க, ரெண்டையும் போட்டு படுத்தினா பசங்க சீட்டக் கிழிச்சிருவாங்க. திரும்பி வர்றப்ப தர்மபுரி தாண்டறதுக்குள்ள அவனே போன்ல போட்டுப் பாத்து "அம்மா இது நம்ம வீடு"ன்னு கத்துவான்.

கடைசி இலக்கம் ஒண்ணு தப்பினா ரெண்டு மீட்டர் கூட நகராது, மாடிக்குள்ளதான் நிக்கும். முதல் இலக்கம் ஒண்ணு தப்பினா 185 மீட்டர் தள்ளி வேற யாரோ வீட்டு மாடி, அதனால அத மட்டும் ரெண்டு தடவ சரிபாக்கச் சொல்லுங்க. அப்புறம் இது வீட்டோட இருக்கட்டும், உங்க வீட்டு பொசிஷன பொது ஆப்ல ஏத்தாதீங்க.

இன்னொண்ணு, போற வழியில ஆப்ல ஏதோ டப்பா காட்டுதுன்னு தொப்பூர் கணவாயில மட்டும் வண்டிய ஓரங்கட்டாதீங்க. லாரி பிரேக் பிடிக்காம வர்ற எறக்கம் அது, எப்பேர்ப்பட்ட புதையலா இருந்தாலும் அங்க எறங்க வேணாம்.

கேள்வி: பேரன் இதையே பேசிட்டிருக்கான். யாருங்க இத கண்டுபிடிச்சது? – ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ஜங்ஷன்

ஐயா, அமெரிக்காக்காரங்க ஜிபிஎஸ்ஸ ராணுவத்துக்குத்தான் பண்ணினாங்க, பொதுஜனத்துக்கு வேணும்னே சிக்னல கொஞ்சம் கலைச்சு விட்டிருந்தாங்க, நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். 2000 மே மாசம் ஆரம்பத்துல கிளிண்டன் அரசு அந்தக் கலைப்ப நிறுத்திருச்சு. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர்னு ஒருத்தர் ஓரிகன் மாநிலத்துல போர்ட்லாண்ட் பக்கம் ஒரு காட்டுல பக்கெட்ட வெச்சு அந்த எடத்தோட ஜிபிஎஸ் நம்பர இன்டர்நெட்ல போட்டார், ரெண்டு மூணு நாள்லயே ஆள் கண்டுபிடிச்சாச்சு. அந்த பக்கெட்டுக்குள்ள ஒரு பீன்ஸ் டின்னும் இருந்துச்சு. இன்னிக்கு ரூல்ஸ்படி சாப்பாட்டுப் பொருள் எதுவும் உள்ள வைக்கக்கூடாது, முதல் டப்பாவே இப்ப வெச்சா பாஸாகாது.

கேள்வி: ப்ரோ, ஏற்காடுல ஒரு எடத்தோட நம்பர் பிரெண்டு அனுப்பினான், மேப்ல போட்டா ராசிபுரம் பக்கம் காட்டுது. அவன் என்னைய கலாய்க்கறானா? – ஓமலூர்

இல்ல தம்பி, அவன் அனுப்பினது 11° 46.500ன்னு இருக்கும், நீங்க 11.465ன்னு அடிச்சிருப்பீங்க. டிகிரிக்கு அப்புறம் வர்றது நிமிஷம், மணிக்கு அறுபது நிமிஷம் மாதிரி டிகிரிக்கும் அறுபது. 46.5ஐ அறுபதால வகுத்தா 0.775, அப்ப மேப்ல 11.775ன்னு போடணும். நீங்க போட்டதுக்கும் இதுக்கும் 34 கிலோமீட்டர் வித்தியாசம், தெக்கால போயிரும், அதான் ராசிபுரம். ஜியோகேச்சிங் ஆளுங்க எல்லாம் டிகிரி, நிமிஷம், நிமிஷத்துல மூணு தசமம்னுதான் எழுதுவாங்க, கூகுள் மேப்ல வெறும் தசமமா வரும், பாதிப் பேர் மண்டை காயறது இங்கதான். டிகிரி குறி, நடுவுல எடம் எல்லாத்தையும் அப்படியே காப்பி பண்ணிப் போடுங்க, மேப் அதுவா புரிஞ்சுக்கும்.

கேள்வி: அடுத்த மாசம் சொந்தக்காரங்க எல்லாம் வேன் புடிச்சு ஏற்காடு போறோம். பக்கோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி மூணுலயும் நாங்களே டப்பா வெச்சு விளையாடலாம்னு பிளான். காபி எஸ்டேட்டுக்குள்ள வெச்சா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கல்ல? – வாசகர், ஆத்தூர்

எஸ்டேட்டுல இருந்தே ஆரம்பிக்கறேன். வேலி இருக்கோ இல்லையோ அது ஒருத்தரோட நிலம், காபிச்செடிக்கு நடுவுல பத்துப் பேர் குனிஞ்சு தேடிட்டிருந்தா வாட்ச்மேன் பழம் பறிக்க வந்த கும்பல்னுதான் நினைப்பார். சில்வர் ஓக் மரத்துல ஏறியிருக்கற மிளகுக் கொடிய யாராவது ஒரு சித்தப்பா இழுத்துப் பாப்பார், கண்டிப்பா பாப்பார். தங்கற காட்டேஜ் ஓனர்கிட்ட கேட்டு அவங்க காம்பவுண்டுக்குள்ள வைங்க, குழந்தைங்க விளையாட்டுன்னு சொன்னா பெரும்பாலும் சரிம்பாங்க.

சேர்வராயன் கோயில் பக்கம் வேணாம். அது குகைக்கோயில், மலைவாழ் மக்கள் கும்பிடற சாமி, அங்க கல்லுச் சந்துல கைய விட்டு துழாவறது பாக்க நல்லாவா இருக்கும். கிளியூர்ல பாறை வழுக்கும், போதாததுக்கு பள்ளத்துக்குள்ள ரெண்டு பக்கமும் மலை மறைச்சுக்கறதால சேட்டிலைட் கொஞ்சந்தான் தெரியும், போன் அம்புக்குறி இஷ்டத்துக்கு சுத்தும். அந்த அம்புக்குறிய பாத்துட்டே ஓரத்துக்கு நடக்கற ஆளுங்கதான் எனக்கு பயம். பக்கோடா பாயிண்ட், அங்க அடுக்கி வெச்சிருக்கற கல்லு கோபுரத்தால (இங்கிலீஷ்ல பகோடா) பேர் வாங்கின எடம், அத கலைச்சு டப்பா வெச்சீங்கன்னா அவ்வளவுதான் சொல்லுவேன். ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள வனத்துறை அனுமதியில்லாம நுழையவே கூடாது, சாயங்காலம் ஆனா காட்டுமாடு ரோட்டோரத்துக்கே வரும், அது ஒதுங்கிப் போகும்னு நெனச்சு கிட்டப் போயிராதீங்க.

பின்ன எங்கதான் வைக்கறதுன்னு கேக்கறீங்க. கூட்டத்த ரெண்டு டீமா பிரிங்க. டப்பாவே இல்லாம, ஏரிக்கரைல இருந்து அண்ணா பூங்கா வரைக்கும் போட்டோ மட்டும் எடுத்துட்டு வர்ற மாதிரி அஞ்சு பொசிஷன் குடுங்க, "இங்க நின்னா என்ன எழுதியிருக்கு"ன்னு கேளுங்க. டப்பா ஒண்ணே ஒண்ணு, கடைசியா, காட்டேஜ்ல. மலை ஏறறப்ப 20 கொண்டை ஊசி வளைவுலயும் நம்பர் போர்டு இருக்கு, வேன்ல உக்காந்தபடியே பசங்க எண்ணட்டும், எறங்க விடாதீங்க. வாந்தி எடுக்கற பசங்கள ஜன்னலோரம் வைங்க, போன் பாக்கற வேலைய அவங்களுக்கு குடுக்காதீங்க.

டப்பா வெளிய தெரியற மாதிரி பளபளன்னு இருந்தா குரங்கு விடாது. மண்ணத் தோண்டி புதைக்கறது, மரத்துல ஆணி அடிக்கறது ரெண்டுமே இந்த விளையாட்டுல கெடையாது. உள்ள என்ன இருக்குன்னு தெரியற கண்ணாடி மாதிரி டப்பாவா, ரப்பர் வெச்சு நாலு பக்கமும் லாக் பண்றதா பாத்து வாங்குங்க, மேல "இது விளையாட்டு டப்பா"ன்னு தமிழ்ல எழுதி போன் நம்பர் போடுங்க. உள்ள பேனா வேணாம், பென்சில். ஏற்காட்டு பனியில பேனா எழுத்து பரவிரும்.

கேள்வி: டப்பாவே இல்லாத ஜியோகேச் உண்டுன்னு சொல்றாங்களே, பசங்கள கூட்டிட்டு போக உதவுமா? – ஆசிரியை, கருப்பூர்

உங்க ஊர்ல உக்காந்துட்டு இத கேக்கறீங்களே டீச்சர்! எர்த்கேச்னு பேரு, 2004ல இருந்து இருக்கு. போய்ச் சேர்ற எடத்துல டப்பா இருக்காது, பூமி பத்தி ஏதாவது ஒரு விஷயம் கண் முன்னாடி இருக்கும். பாத்துட்டு அவங்க கேக்கற கேள்விக்கு பதில் எழுதி அனுப்பணும், கல்ல எடுத்துட்டு வரக்கூடாது.

கருப்பூர் பக்கம் வெள்ளை வெளேர்னு குமிச்சிருக்கே, அது மேக்னசைட். மெக்னீசியம் அதிகமா இருக்கற கரும்பச்சைப் பாறைக்குள்ள கரியமில வாயு கலந்த தண்ணி எறங்கி, விரிசல் விரிசலா வெள்ளைக் கோடா மாறினது. இரும்பு உருக்கற உலைக்கு உள்பக்கம் வைக்கற செங்கல் இதுல பண்ணுவாங்க. வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ்னு பேர் வெச்சான், ஆனா அதுக்கும் சாக்பீஸுக்கும் சம்பந்தமே இல்ல. ரயில்வே ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன்னு பேரு. சுரங்கத்துக்குள்ள போகாம ரோட்டுல இருந்தே காட்டலாம்.

ஏற்காடு மலை மேல ஏறினா பாறை மாறிரும். ரோட்டுக்காக வெட்டின எடத்துல எண்ணெய் தடவினாப்ல கருநீலமா மின்னும் பாருங்க, அது சார்னகைட். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு கிழக்கிந்திய கம்பெனிக்காரர் சமாதிக் கல்லு இந்த வகைதான், அத ஆராய்ச்சி பண்ணின ஹாலந்துங்கற நிலவியல் நிபுணர் 1893ல சார்னாக் பேரையே பாறைக்கு வெச்சுட்டார். கல்லு போனது நம்ம சென்னை பக்கத்துல இருந்து. ஒரே நாள்ல அடிவாரத்துல வெள்ளை, மேல கருப்புன்னு ரெண்டையும் காட்டி பசங்கள தொட்டுப் பாக்க வெச்சீங்கன்னா பாதி பாடம் முடிஞ்சுது. நீங்களே ஒரு எர்த்கேச் எழுதி அனுப்புங்களேன், டப்பாவுக்கு காவல் காக்கற வேலையும் இல்ல.

கேள்வி: அமெரிக்காவுல இருந்து மச்சான் வர்றார், சிக்னல் இல்லாத எடத்துலயும் மெசேஜ் அனுப்பற சேட்டிலைட் கருவி கொண்டு வர்றாராம். மலைக்கு எடுத்துட்டு போலாமா? – அம்மாபேட்டை

ஏர்போர்ட்டுக்கே எடுத்துட்டு வர வேணாம்னு இன்னிக்கே போன் போடுங்க. சேட்டிலைட் போனும் அந்த மாதிரி மெசேஜ் கருவியும் அரசு அனுமதியில்லாம இங்க வெச்சிருக்கறது சட்ட விரோதம், தெரியாம கொண்டு வந்த வெளிநாட்டுக்காரங்க மாட்டியிருக்காங்க. சாதா போன்ல இருக்கற ஜிபிஎஸ்ஸே போதும், திறந்த வெளியில அஞ்சு மீட்டருக்குள்ள கொண்டு போய் விடும். மேப்ப மட்டும் கெளம்பறதுக்கு முன்னாடி வைஃபைல டவுன்லோடு பண்ணிக்கச் சொல்லுங்க.

கேள்வி: தலைக்கு ஆயிரக்கணக்குல டிக்கெட் எடுத்து பார்க்குக்கு போய்ட்டு டப்பா தேடறவன என்னன்னு சொல்றது? – கோட்டை

ரைடு கியூவுல முக்கால் மணி நேரம் நின்னு பாத்திருக்கீங்களா? அந்த நேரத்துல பசங்க கேக்கற "எப்பப்பா வரும்"க்கு உங்ககிட்ட வேற பதில் இருந்தா சொல்லுங்க, அடுத்த இதழ்ல போடறோம்.

கேள்வி: லீவுக்கு தங்கச்சி வீட்டுக்கு போனப்ப நெசமாவே ஒரு டப்பா கெடைச்சுது சார்! உள்ள நாய் கழுத்துல கட்டற பில்லை மாதிரி ஒரு தகடு, நம்பர் போட்டிருந்துச்சு. பொண்ணு ஆசைப்பட்டு எடுத்துட்டு வந்துட்டா. வெச்சுக்கலாமா? – வாசகி, கன்னங்குறிச்சி

வெச்சுக்க முடியாதும்மா. மத்த சாமான்னா, கீ செயின், கோலிக்குண்டு எதுவானாலும், அதுக்கு ஈடா ஒண்ணு போட்டுட்டு எடுத்துக்கலாம். இந்தத் தகடு டிராவல் பக். ஒரு டப்பாவுல இருந்து எடுத்து அடுத்த டப்பாவுல போட்டு ஊர் ஊரா அனுப்பறதுக்குன்னே யாரோ காசு குடுத்து வாங்கி விட்டது. அந்த நம்பர சைட்ல போட்டீங்கன்னா எந்த ஊர்ல கெளம்புச்சு, இதுவரைக்கும் எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கு, ஓனர் அத எங்க அனுப்ப ஆசைப்படறார் எல்லாம் வரும், பொண்ணுகூட உக்காந்து பாருங்க. "எங்ககிட்ட இருக்கு"ன்னு பதிஞ்சு வைங்க, இல்லாட்டி தொலைஞ்சு போச்சுன்னு அவர் நினைப்பார். அடுத்து எந்த ஊருக்கு போறீங்களோ அங்க இருக்கற டப்பாவுல போட்டுடுங்க. ஃபிலிம் டப்பா சைஸ்ல இருக்கற குட்டி டப்பாவுல மட்டும் திணிக்காதீங்க, மூடி சரியா உக்காராது, ஒரு மழைக்கு நோட்டு ஊறிப் போயிரும்.