சத்தமில்லாமல் மாறிய எண்

வணக்கம் ஐயா,

வெளிநாட்டில் வந்த ஒரு வெள்ளம் பற்றித் தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றில் படித்தேன். 1.2 லட்சம் பேர் வீடிழந்தார்கள் என்று தலைப்பு. மாலையில் மகளுக்குக் காட்டலாமென்று திறந்தால் 12 லட்சம் என்று இருக்கிறது. நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. சந்திப்பிழைகளும் இயந்திரம் மொழிபெயர்த்தது போன்ற வாக்கியங்களும் வேறு. இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிப்போம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தமிழில் செய்தி படிக்க ஆசை. எந்தத் தளத்தைப் படிக்கச் சொல்லலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. அந்தச் செய்தியின் இணைய முகவரியைப் பாருங்கள். பல தளங்களில் முதல் தலைப்பின் சொற்களிலிருந்தே முகவரி உருவாகும், அதனால் பழைய எண் அதில் இன்னும் இருக்கக்கூடும். தலைப்பை எத்தனை முறை திருத்தினாலும் முதலில் உருவான முகவரியை எளிதில் மாற்ற மாட்டார்கள். மாற்றினால் ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் வேலை செய்யாமல் போய்விடலாம்.

சந்திப்பிழையை விடுங்கள். அது உறுத்தும், ஆனால் யாரையும் ஏமாற்றாது. இயந்திர மொழிபெயர்ப்பும் எனக்குப் பெரிய கவலை இல்லை. அதை ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துத் திருத்தினால் போதும். என் கவலை எண்தான்.

மூலத்தில் 1.2 மில்லியன் என்று இருந்திருக்கும். ஒரு மில்லியன் 10 லட்சம். மொழிபெயர்த்தவர் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, மில்லியன் இருந்த இடத்தில் லட்சத்தைப் போட்டுவிட்டார். வீடிழந்தவர்களில் 10,80,000 பேர் செய்தியிலிருந்தே காணாமல் போய்விட்டார்கள். பில்லியன் என்றால் இன்னும் மோசம். அது 100 கோடி. அதை வெறும் கோடி என்று எழுதினால் தொகை நூறில் ஒரு பங்காகிவிடும்.

இளம் வயதில் நான் மெய்ப்புப் பார்க்கக் கற்றது ஒரு பெரியவரிடம். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு அவர் பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போவார். இந்த முறை எண்களை மட்டும் பார்ப்பார். சரிபார்த்த ஒவ்வொரு எண்ணின் தலையிலும் பென்சிலால் சின்னப் புள்ளி வைப்பார். புள்ளி இல்லாத எண் இருந்தால் அந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது. “எழுத்து தப்பினா கண்ணு காட்டிக் கொடுத்துடும் தம்பி, எண்ணு தப்பினா காட்டாது” என்பார். தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவே லட்சணமாக உட்கார்ந்திருக்கும். அந்தப் பென்சிலைப் பிடிக்க இன்று பல செய்தி அறைகளில் ஆளில்லை. எழுதியவரே வெளியிடுகிறார், அடுத்த நிமிடம் அடுத்த செய்தி. அந்த இளைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது ஆள் படிக்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று சொல்ல வேண்டியது நிர்வாகம். அது சொல்லவில்லை.

வெப்பநிலையிலும் இப்படித்தான். வெப்பம் 10 டிகிரி பாரன்ஹீட் கூடியது என்று மூலத்தில் இருக்கும். மாற்றித்தரும் கருவியில் 10 என்று போட்டால் மைனஸ் 12.2 செல்சியஸ் என்று வரும். அந்தக் கருவிக்குத் தெரிந்தது வெப்பநிலை மட்டுமே, வெப்பநிலை வித்தியாசம் அதற்குத் தெரியாது. சரியான விடை ஏறக்குறைய 5.6 டிகிரி உயர்வு. ஒரே ஒரு நிமிடம் யோசித்தால் பிடிபடும் பிழை இது.

சரி, பிழை வருவது இயல்புதான். வந்த பிழையைச் சத்தமில்லாமல் அழிப்பதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. காலையில் ஒரு எண், மாலையில் வேறொரு எண், மேலே ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று ஒரு நேரம். எதைப் புதுப்பித்தார்கள், ஏன்? ஒரு வரி கிடையாது. காலையில் படித்தவர் அந்தத் தவறோடுதான் இருப்பார், பகிர்ந்தவரும் அதைத்தான் பகிர்ந்திருப்பார். உங்களைப் போலத் திரும்பி வந்து பார்த்தவருக்குத் தன் கண்மீதே சந்தேகம். இது வாசகரை அவமதிப்பது. அச்சு இதழால் நேற்றைய தாளைத் திரும்ப வாங்க முடியாது, அதனால் திருத்தம் போட்டே ஆக வேண்டியிருந்தது. பிரிட்டனின் கார்டியன் 1997-இல் வாசகர்களுக்கென்றே ஓர் ஆசிரியரை நியமித்துத் தினமும் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. இந்து ஆங்கில நாளிதழ் 2006-இல் அதே போன்ற பதவியை உருவாக்கியது. இணையத்தில் இது இன்னும் எளிது. செய்தியின் அடியில், ‘முதலில் 1.2 லட்சம் என்று தவறாக வெளியிட்டிருந்தோம், 12 லட்சம் என்பதே சரி’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

உங்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்கள், சிரித்தீர்கள், அப்புறம்? அந்தத் தளத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினீர்களா? உங்கள் குழுவில் இருக்கும் பாதிப் பேருக்கு அந்தத் தவறான எண் மட்டும்தான் நினைவிருக்கும். எழுதுங்கள். செய்தியின் இணைப்பு, நீங்கள் பார்த்த நேரம், அப்போது இருந்த எண், இப்போது இருக்கும் எண், மூலச் செய்தியின் இணைப்பு, இவ்வளவு போதும். மகளையே எழுதச் சொல்லுங்கள், அவளுக்கும் மில்லியன் கணக்கு பழகும். திட்ட வேண்டாம். திருத்தக் குறிப்பு போடுங்கள் என்று மட்டும் கேட்கட்டும். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன். வராவிட்டாலும் சொல்லுங்கள்.

எந்தத் தளத்தைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். திருத்தக் குறிப்பு போடும் தமிழ்த் தளங்கள் எவை என்று தேடிப் பார்த்துவிட்டு அதைத் தனியாக எழுதுகிறேன். மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.