சேப்பிலைப் பெயரில் ஒரு விருந்து: 850 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: கணவர், மாமியார், 9 வயது மகனோடு டிசம்பரில் ஹவாயி போகிறோம். ஹொனலூலுவில் வைக்கிக்கி பகுதியில் ஐந்து இரவு தங்கல். அங்கே ‘லூவாவ்’ என்ற கடற்கரை விருந்துக்கு ஒரு ரிசார்ட்டில் பெரியவருக்கு 185 டாலர், பிள்ளைக்கு 135 டாலர், பஸ்ஸுக்கு ஆளுக்கு 30 டாலர் கேட்கிறார்கள். மாமியார் சைவம். மது யாரும் தொடுவதில்லை. இவ்வளவு கொடுத்துப் போகத்தான் வேண்டுமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அந்த ரிசார்ட் விருந்து உங்கள் நால்வருக்கும் வேண்டாம். லூவாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கணக்கு. டிக்கெட் 690, பஸ் 120, ஆக 810 டாலர். சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேரவில்லை என்றால் ஹொனலூலு இருக்கும் ஓவாஹு தீவில் 4.712 விழுக்காடு கூடும், 848 ஆகிவிடும். பரிமாறுகிறவருக்கும் பஸ் ஓட்டுநருக்கும் டிப்ஸ் 40 வையுங்கள். டாலருக்கு 4 ரிங்கிட் என்று போட்டால்கூட 3,550 ரிங்கிட். மூன்று மணி நேரத்துக்கு.

இந்தப் பணம் எதற்குப் போகிறது? சாப்பாட்டுக்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பெரியவர் டிக்கெட்டில் மை தாய் போன்ற ரம் கலந்த பானங்களின் விலையும் பெரும்பாலும் அடக்கம். குடிக்காதவருக்கு அது தண்டம். சைவக்காரருக்கும் முழு விலைதான். மிச்சம் மேடைக்கும் கடலோர இடத்துக்கும். அந்த மேடையில் ஆடுவதெல்லாம் ஹவாயி ஆட்டமும் இல்லை. கடைசியில் எல்லாரும் கைபேசியைத் தூக்கிப் பிடிக்கும் நெருப்புக் கத்தி ஆட்டம் சமோவாவுடையது. இடுப்பை வேகமாகச் சுழற்றும் ஆட்டம் தஹித்தியுடையது. ஹவாயிக்கு உரியது ஹூலா. அதிலும் சுரைக்குடுக்கையைத் தட்டி, பாட்டாக ஓதி ஆடுவது பழைய ‘கஹிக்கோ’. கிட்டார், உக்குலேலேயோடு ஆடுவது பின்னால் வந்த ‘அவுவானா’.

பார்க்கத் தகுந்த ஒன்று உண்டு: ‘இமு’ என்னும் மண்ணடுப்பு. குழியில் விறகெரித்து எரிமலைக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, நசுக்கிய வாழைத்தண்டை மேலே பரப்புவார்கள். தண்டின் நீர்தான் ஆவி. அதன்மேல் முழுப் பன்றி, ‘டி’ என்னும் செடியின் அகன்ற இலைகள் (தேயிலை அல்ல), ஈரச் சாக்கு, கடைசியாக மண். எங்கே ஆவி கசிந்தாலும் அங்கே இன்னும் ஒரு கை மண் போடுவார்கள். கசியவிட்டால் சூடு இறங்கி இறைச்சி வேகாது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்துத் தோண்டினால் எலும்பு தானே கழன்று வரும். இதைத் தோண்டிக் காட்டுவது விருந்துக்கு முன்னால். பஸ் தாமதித்தால் போச்சு. தோண்டிக் காட்டுகிற ஒரு பன்றி நானூறு, ஐந்நூறு பேருக்குப் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். மீதி சமையலறை அடுப்பிலிருந்து வரும்.

மாமியாருக்கு என்ன இருக்கும்? ‘லூவாவ்’ என்றாலே சேப்பிலைதான். அதைத் தேங்காய்ப் பாலில் வேகவைக்கும் கறியின் பெயர் விருந்துக்கே ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கறியில் கோழியோ கணவாய் வகையோ கலந்திருக்கும். ‘சிக்கன் லாங் ரைஸ்’ பார்க்க சோவுன் என்னும் கண்ணாடிச் சேமியா போல இருக்கும், கோழிச் சாற்றில் வேகவைத்தது. மக்ரோனி சாலட்டில் முட்டை மயோனைஸ். சர்க்கரைவள்ளியைக்கூடப் பன்றியோடு அதே குழியில் போடும் வழக்கம் உண்டு. தனியாக வேகவைத்ததா என்று கேட்க வேண்டும். சாதம், பச்சைக் காய், பழம், ‘ஹவ்பியா’ ஆகியவை மிஞ்சும். ஹவ்பியா தேங்காய்ப் பாலைச் சோளமாவில் கெட்டியாக்கிய இனிப்பு, நம்மூர் கூய் தாலாமின் மேல் வெள்ளை அடுக்குக்குத் தங்கை. அப்புறம் ‘போய்’: சேப்பங்கிழங்கை இடித்துக் குழைத்த ஊதா நிறக் கூழ். தனியாக நக்கிப் பார்த்துவிட்டு ‘பசை’ என்று ஒதுக்குகிறவர்கள் பலர். அது உப்புக்கறியோடு தொட்டுச் சாப்பிடுவதற்கானது; ஓரிரு நாள் புளித்தால் ருசி கூடும். பழைய சோறும் கூழும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதிவு செய்யும்போது ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், முட்டை வந்துவிடும். ‘வீகன்’ என்று எழுதிக் கொடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? வைக்கிக்கியிலேயே கூஹியோ கடற்கரையில் மாலையில் இலவச ஹூலா நிகழ்ச்சி நடக்கும். நாட்கள் மாறும், நீங்கள் போகிற வாரத்தில் விசாரித்துக்கொண்டு ஒரு பாயோடு போய் உட்காருங்கள். பன்றியும் ‘போய்’ கூழும் ருசிபார்க்க உங்கள் கணவருக்கு ஒரு ஹவாயி உணவகத் தட்டு போதும். மகனுக்காக ஒரு பெரிய நிகழ்ச்சி வேண்டும் என்றால் அதே தீவில் லாயியே என்னும் ஊரில் உள்ள பாலினீசிய கலாசார மையம் போங்கள். மார்மன் என்னும் கிறிஸ்துவ சபை 1963இல் தொடங்கியது. மது கிடையாது, அதனால் மதுவின் விலையும் டிக்கெட்டில் இல்லை. ஹவாயி, சமோவா, தொங்கா, ஃபிஜி, தஹித்தி, நியூசிலாந்து மாவோரி என ஆறு கிராமங்களைப் பகலில் சுற்றலாம். இரவில் மேடை நிகழ்ச்சி. வைக்கிக்கியிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல், முழு நாள் போய்விடும். ஞாயிறு மூடல், புதனும் பெரும்பாலும் மூடல்.

எங்கே போனாலும் தேதியில் கோட்டைவிடாதீர்கள். ஹொனலூலு நம்மைவிட 18 மணி நேரம் பின்னால். முதல் நாள் இரவு கோலாலம்பூரில் கிளம்பி, 11ஆம் தேதி இரவு தோக்கியோவில் விமானம் மாறி ஏறினால் 11 காலையே ஹொனலூலுவில் இறங்குவீர்கள். அன்றைக்கே விருந்து என்று பதிவு செய்தவர்கள் இரண்டு இரவு விமானத்தில் கழித்த களைப்போடு போக நேரும். கடைசி இரண்டு மூன்று நாளில் ரத்து செய்தால் பணம் பெரும்பாலும் திரும்பாது. மூன்றாம் நாள் நல்லது. டிசம்பரில் மழை உண்டு. சூரியன் ஆறு மணிக்குள் மறைந்துவிடும், கடலோரப் படம் வேண்டுமானால் ஐந்துக்குள் போய்ச்சேருங்கள்.

கேள்வி: நாங்கள் முஸ்லிம் குடும்பம். லூவாவில் சாப்பிட வழி உண்டா?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: சாப்பாட்டு வரிசையின் நடுவே பன்றி இருக்கும், ஒரு தட்டின் இடுக்கி இன்னொரு தட்டுக்குப் போய்விடும். கோழி, மாட்டிறைச்சியும் ஹலால் என்று எண்ண வேண்டாம். லாயியே மையத்தில் மது இல்லை, ஆனால் பன்றி உண்டு. அங்கே விருந்தை விட்டுவிட்டு கிராமங்களுக்கும் இரவு நிகழ்ச்சிக்கும் மட்டும் டிக்கெட் கேளுங்கள், செலவும் குறையும்.