ஓட்டோவில் சாப்பிடும் பிள்ளை

கேள்வி: டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். மகனுக்கு 12 வயது, தரம் 7 படிக்கிறார். கணவர் கட்டாரில் வேலை. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். ஆகஸ்ட் விடுமுறை சும்மா போகக் கூடாது என்று மகனை வகுப்புகளில் சேர்த்திருக்கிறேன். காலை 7.30க்குக் கணிதம், அடுத்த தவணைப் பாடத்தை இப்போதே முடிக்கிறார்கள். 10 மணிக்கு ஆங்கிலம். 12 மணிக்கு அது விட்டதும் ஓட்டோவில் மட்டக்களப்பு டவுனுக்குப் போய் 1 மணிக்கு ரோபோட்டிக்ஸ் முகாம். அம்மா கட்டிக் கொடுக்கும் சோற்றை ஓட்டோவிலேயே சாப்பிட்டு விடுவார், அதனால் நேரம் வீணாவதில்லை. பின்னேரம் விஞ்ஞானம். நீச்சல் வகுப்பு ஒன்றும் இருந்தது, சோதனைக்கு உதவாது என்று நிறுத்திவிட்டேன். அப்பா இரவில் போன் எடுக்கும்போது மகன் நித்திரையாகிவிடுவார். தரம் 5 புலமைப்பரிசில் சோதனையில் வெட்டுப்புள்ளிக்கு 4 புள்ளி குறைந்துபோனவர், அதனால்தான் இவ்வளவு கவனம். ஒரு கிழமையாக வயிறு வலிக்கிறது என்கிறார். டொக்டரிடம் காட்டினேன், ஒன்றும் இல்லை என்றார். அடுத்த கிழமை 5 நாள் கோடிங் முகாம் ஒன்று தொடங்குகிறது, 12,000 ரூபாய். சேர்க்கலாமா, அல்லது களைத்துப்போவாரா?
– ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: மகள், கோடிங் முகாமைப் பற்றிப் பிறகு கதைப்போம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ‘ஓட்டோவிலேயே சாப்பிட்டு விடுவார், அதனால் நேரம் வீணாவதில்லை.’

பிள்ளை சோறு தின்கிற நேரம் எப்போதிருந்து வீண் நேரமானது?

அந்த வீதியில் எத்தனையோ வருடம் போய் வந்தவள் நான். ஆரையம்பதியில் ஏறினால் காத்தான்குடிக்குள் வண்டி ஊர்ந்துதான் போகும். நடுவில் பேரீச்ச மரங்கள், இரண்டு பக்கமும் கடைகள், குறுக்கும் நெடுக்கும் மோட்டார் சைக்கிள். அங்கே பார்சலைப் பிரித்தால் நாவற்குடா, கல்லடி எல்லாம் கழிந்து பாலத்தில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற காலம். ஓட்டோவின் பக்கங்கள் திறந்து கிடக்கும். மடியில் இருக்கிற லஞ்ச் ஷீட் பறந்துவிடாமல் ஒரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், மறு கையால் அள்ளி வாயில் போட வேண்டும். முடிந்ததும் கையை வெளியே நீட்டிப் போத்தல் தண்ணீரை ஊற்றிக் கழுவுவான். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு முகாமுக்குள் போவான்.

பார்சலுக்குள் என்ன இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். முட்டைப் பொரியல், பருப்பு, ஒருநாள் கிழங்கு. மீன் இருக்காது. ஓடுகிற வண்டியில் பிள்ளை முள் எடுத்துச் சாப்பிட எந்த அம்மம்மாவும் விடமாட்டார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் ஒரு பிள்ளை விடுமுறை முழுக்க மத்தியானம் மீன் ஆணம் ஊற்றிச் சோறு சாப்பிடவில்லை. இதை ஒரு குறையாகக்கூட நீங்கள் எழுதவில்லை, கெட்டிக்காரத்தனமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

வயிற்றுவலி விடாமல் தொடர்ந்தால், காய்ச்சலோ சத்தியோ சேர்ந்து வந்தால், திரும்பவும் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்போது அவன் எங்கே, எப்படிச் சாப்பிடுகிறான் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். போன முறை அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இனி அம்மாவைப் பற்றி. ‘அம்மா எங்களோடுதான் இருக்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்து வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. அவர் உங்களுக்குச் சீதனமாகத் தந்த வீட்டில்தான் நீங்கள் இருப்பீர்கள். அப்படியென்றால் அவர் உங்களோடு இல்லை, நீங்கள் அவரோடு இருக்கிறீர்கள். விடிய எழும்பித் தேங்காய் துருவி, சமைத்து, ஆறவைத்து, கட்டிக் கொடுக்கிற அந்த மனுசி மத்தியானம் யாரோடு இருந்து சாப்பிடுகிறார்? உங்கள் கடிதத்தில் கணித வகுப்பின் நேரம் இருக்கிறது, முகாமின் காசு இருக்கிறது, அது இல்லை. பாடசாலை நாட்களில் அவர் தனியாகச் சாப்பிடுவதைப் பொறுக்கலாம். விடுமுறையிலுமா?

பேரப்பிள்ளை வீட்டில் நிற்கிற நாட்களை எண்ணிக்கொண்டு காத்திருக்கிறவர்கள் இந்தக் கிழவிகள். அந்த நாட்கள் அவர்களுக்குச் சேரவேண்டிய பங்கு. அதை எடுத்து வகுப்புகளுக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பிள்ளைக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. 12 வயதுப் பையன் தேங்காய் துருவலாம், கடைக்குப் போகலாம், அம்மம்மாவுக்குக் கோப்பையில் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுத் தான் சாப்பிடலாம். வீட்டில் ஒரு வேலையும் இல்லாமல் வளர்கிற பிள்ளைக்கு வீடு என்பது இரவில் படுக்கிற இடம், அவ்வளவுதான்.

நான் வகுப்புகளுக்கு எதிரி இல்லை. 31 வருடம் கணிதம் படிப்பித்தவள். ஆனால் அடுத்த தவணைப் பாடத்தை விடுமுறையில் விழுங்க வைக்கிற வகுப்பு பிள்ளைக்குச் செய்கிற கெடுதலை அந்த 31 வருடமும் பார்த்தேன். ஒரு முறை முக்கோணம் படிப்பிக்கப் போனேன். பலகையில் கோடு கீறி முடியவில்லை, முன்வாங்கில் இருந்த பையன் ‘180 பாகை டீச்சர்’ என்றான். சரி, ஏன் 180 என்று கேட்டேன். திருதிருவென்று முழித்தான். கொப்பித் தாளில் ஒரு முக்கோணம் வெட்டச் சொன்னேன். மூன்று மூலையையும் கிழித்து, கூர்களை ஒரு புள்ளியில் சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். மூன்றும் சேர்ந்து நேர்கோடாக நின்றது. முழு வகுப்பும் எட்டிப் பார்த்தது, பக்கத்து வாங்குப் பிள்ளைகள் தாங்களும் கிழிக்கத் தொடங்கினார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை, அவனுக்குத்தான் விடை ஏற்கெனவே தெரியுமே. விடையை முதலில் கொடுத்துவிட்டால் கேள்வி செத்துப்போகும். அந்த வகுப்பை இந்தக் கிழமையே நிறுத்துங்கள். விஞ்ஞானத்தையும்தான். அவன் பாடசாலையில் படிக்கட்டும், அதற்குத்தான் பாடசாலை.

மண்டூர்ப் பக்கமும் சில வருடம் படிப்பித்தேன். குருமண்வெளியில் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து போவேன். ஆகஸ்ட் விடுமுறை முடிந்து வருகிற பிள்ளைகளின் கையில் வயல் வேலையின் கீறல் இருக்கும். ஏக்கருக்கு எத்தனை மூடை, உமி போக எவ்வளவு அரிசி என்று வாயாலேயே கணக்குச் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல ஆங்கில வகுப்புக் கிடைத்திருந்தால் எவ்வளவோ பேர் எங்கேயோ போயிருப்பார்கள், அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பிள்ளைக்கு ஒரு வகுப்பும் இல்லை, உங்கள் பிள்ளைக்கு நாலு வகுப்பு. இரண்டுமே பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

அந்த 4 புள்ளி. 200 புள்ளிச் சோதனையில் 10 வயதில் குறைந்த 4 புள்ளிக்கு இரண்டு வருடமாக வட்டி கட்டுகிறான். கடிதத்தில் அதைக் கடைசிப் பக்கமாக எழுதியிருந்தாலும் முழுக் கடிதமும் அதிலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதை அவன் முன்னால் இனி வாயில் எடுக்காதீர்கள்.

நீச்சலை நிறுத்தியதை என்ன சொல்ல? இருந்த ஐந்து வகுப்பில் வேண்டியதை மட்டும் பார்த்து நிறுத்தியிருக்கிறீர்கள். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். தினமும் இரண்டு தரம் அதன் மேலாகப் பாலத்தில் போகிற பிள்ளைக்கு அதில் விழுந்தால் கரைக்கு வரத் தெரியாது. நாளைக்குப் பெரிய பையனாகிக் கூட்டாளிகளோடு கடற்கரைக்குப் போவான், உங்களிடம் கேட்டுவிட்டுப் போகமாட்டான். திரும்பச் சேருங்கள். பயிற்றுநர் பக்கத்தில் நிற்கிற தடாகத்தில் பழகட்டும். யாரோ அண்ணன்மாரோடு வாவிக்கு அனுப்பாதீர்கள்.

இப்போது முகாம். ரோபோட்டிக்ஸ் நல்ல விஷயம், கோடிங்கும் நல்ல விஷயம், ஒழுங்காகச் செய்தால். நீங்கள் காசு கட்டியிருக்கிறீர்கள், ஒரு நாள் போய் அரை மணித்தியாலம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பெட்டிச் சாமானுக்கு எட்டுப் பிள்ளைகள் என்றால் இரண்டு பேர் பூட்டுவார்கள், ஆறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். உங்கள் மகன் எந்தப் பக்கம் நிற்கிறான்? அப்புறம் வீட்டில் அவனிடம் ஒன்று கேளுங்கள். இந்த முகாம்களில் கறுப்புக் கோட்டின் மேல் ஓடுகிற சின்னக் கார் ஒன்றை அனேகமாகச் செய்வார்கள். கோடு ஏன் கறுப்பு? கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும், வெள்ளைத் தரை திருப்பி அனுப்பும், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கார் தன் வழியைக் கண்டுபிடிக்கிறது. இதை அவன் தன் சொல்லில், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னால் முகாம் நல்லது, தொடரட்டும். ‘சேர் பூட்டினார், ஓடினது’ என்றால் காசு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடிங் முகாம் இந்த முறை வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஸ்க்ராட்ச் என்பதில்தான் தொடங்குவார்கள். 8 முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்காகவே செய்தது, 2007 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் திரையில் பூனை நடக்கும். பழைய கணினி ஒன்று இருந்தாலே போதும். அவனுக்கு ஆசை இருந்தால் பின்னேரத்தில் அவனே நோண்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து என்ன செய்கிறாய் என்று கேளுங்கள். ஆசை இல்லை என்றால் 12,000 ரூபாய் கொடுத்தாலும் வராது.

ஆக, காலையில் ஆங்கிலம். பின்னேரம் நீச்சல். ரோபோட்டிக்ஸ் முகாமில் பேசி 2 மணிக்கு வருகிறான் என்று சொல்லுங்கள், முடியாது என்றால் அடுத்த விடுமுறைக்குச் சேர்க்கலாம். 12 மணிக்கு அவன் வீட்டுக்கு வர வேண்டும். இதில் நான் ஒரு பேச்சுக்கும் இடம் கொடுக்கமாட்டேன். நீங்களும் முடிந்தால் அந்த நேரம் வீட்டில் நில்லுங்கள்.

வெள்ளிக்கிழமை கட்டாரில் லீவு நாள். உங்கள் கணவருக்கும் அன்று லீவு என்றால், இங்கே மத்தியானம் 1 மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள், அங்கே காலை பத்தரைதான் ஆகியிருக்கும். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடுங்கள். மகன் அந்தக் காரைப் பற்றி அப்பாவிடம் சொல்லட்டும். புள்ளிகளை யாரும் கேட்க வேண்டாம். அந்த மனுசன் பாலைவன வெயிலில் உழைத்து அனுப்புகிற காசில் வாங்கிய சோற்றைப் பிள்ளை நிலத்தில் இருந்து சாப்பிடுவதை ஒரு தரம் பார்க்கட்டும்.

நாளைக்குக் காலை சந்தைக்குப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மம்மாவுக்குப் பிடித்த மீன் எது என்று அவனையே கேட்டு வரச் சொல்லுங்கள். முள் கூடின மீனாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்குங்கள்.