எல்லாரும் பழைய மாதிரி ஆயிட்டாங்க, நான் மட்டும் ஏன் அங்கேயே நிக்கிறேன் டாக்டர்?

கேள்வி: எனக்கு வயசு 41. 2021ல கொரோனாவுல அப்பா போயிட்டாரு. அப்ப எனக்கும் பாசிட்டிவ், தனி ரூம்ல இருந்தேன், கடைசியா அவர் முகத்தைக்கூட பாக்க முடியல. இப்ப உடம்புக்கு பெருசா ஒண்ணுமில்ல, ஆனா பக்கத்துல யாராவது இருமினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்துடுது, எழுந்துபோய் தூங்குற பையன் விரல்ல ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பாக்கிறேன். கூட்டம்னா போறதே இல்ல. சின்ன விஷயத்துக்கெல்லாம் அவன்கிட்ட கத்திடறேன். வீட்ல "அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே, இன்னுமா"ங்கிறாங்க. எனக்கு மனதைரியம் இல்லையா?

பதில்: கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். உங்களுக்கு தைரியம் இருக்கு. அப்பாவையும் இழந்து, அதே நோயோட தனியா ஒரு ரூம்ல படுத்து எழுந்து, அதுக்கப்புறம் இத்தனை வருஷம் வீட்டையும் பையனையும் பாத்துக்கிட்டு வந்திருக்கீங்களே, அது தைரியம் இல்லாதவங்க செய்யற காரியமா? நீங்க சொல்ற படபடப்பு, முழிப்பு, கோபம் எல்லாம் வேற ஒரு இடத்துலேர்ந்து வருது.

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை 2020 ஜனவரி 30ல அவசரநிலைன்னு அறிவிச்சுது, 2023 மே 5லதான் அது முடிஞ்சுதுன்னு சொன்னுது. 3 வருஷத்துக்கும் மேல. மூளையில அமிக்டலான்னு சின்னதா ஒரு பகுதி இருக்கு, ஆபத்துன்னா மணி அடிக்கிறது அதோட வேலை. அந்த 3 வருஷமும் இருமல் சத்தம்னாலே ஆபத்துன்னு அது பாடம் படிச்சிருக்கு, அப்ப அது சரியான பாடமும்கூட. அவசரநிலை முடிஞ்சுபோச்சுன்னு அறிவிச்சது அமிக்டலாவுக்கு எப்படித் தெரியும்? இருமல் காதுல விழுந்ததும் நீங்க யோசிக்கறதுக்கு முன்னாடியே அட்ரினலின்ங்கிற ஹார்மோன் ஏறிடுது, நெஞ்சு அடிச்சுக்குது. இதுல நீங்க தனி ஆளும் இல்ல, பெருந்தொற்றோட முதல் வருஷத்துலயே உலகம் முழுக்க பதற்றநோயும் மனச்சோர்வும் 25 சதவீதம் அதிகமாச்சுன்னு அதே நிறுவனம் 2022ல சொல்லியிருக்கு.

இன்னொண்ணு, ஆபத்து இருக்கும்போது மனுஷன் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடிடுவான், நின்னதுக்கு அப்புறம்தான் வலி தெரியும். ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாத்த எங்கள்ல நிறைய பேருக்கு அப்படித்தான் ஆச்சு, ஓடினப்போ அழல, எல்லாம் அடங்கி ஒரு வருஷம் கழிச்சு ஏதோ ஒரு சாதாரண நாள்ல அழுகை வந்துச்சு. அதனால "இன்னுமா"ன்னு கேக்கறவங்ககிட்ட, ஆமா இப்பதான் ஆரம்பிச்சிருக்குன்னே சொல்லலாம், தப்பில்ல.

இப்ப அந்த ஆக்ஸிமீட்டர் விஷயம், இதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே பேசணும். நீங்க மாட்டிப் பாக்கிறீங்க, ரத்தத்துல ஆக்ஸிஜன் 98 சதவீதம்னு காட்டுது, அப்பாடான்னு இருக்கு, ஆனா அந்த நிம்மதி எவ்ளோ நேரம்? மூளை இதுலேர்ந்து "பையன் நல்லா இருக்கான்"னு கத்துக்கறதில்ல, "பாத்ததாலதான் தப்பிச்சோம்"னு கத்துக்குது, அதனால அடுத்த ராத்திரியும் எழுப்பி விடுது. போதாக்குறைக்கு விரல் சில்லுனு இருந்தாலோ அசைஞ்சாலோ அந்த மெஷின் குறைச்சுக் காட்டும், அன்னிக்கு உங்க ராத்திரி போச்சு. ஒரேயடியா தூக்கிப் போடச் சொல்லல. முதல் வாரம், முழிப்பு வந்தா சுமாரா 10 நிமிஷம் தள்ளிப் போடுங்க, அதுக்கப்புறமும் பாக்கணும்னு தோணினா பாருங்க. அடுத்த வாரம் அரை மணி நேரம். அப்புறம் மெஷினை வீட்ல வேற ஒருத்தர்கிட்ட கொடுத்து வெக்கச் சொல்லுங்க. பதற்றம் அலை மாதிரி ஏறும், ஒண்ணும் செய்யாம இருந்தா தானா இறங்கவும் செய்யும், அது இறங்கறதை நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா பாதி பயம் போயிடும்.

கூட்டத்துக்கும் இதேதான். தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும். ரொம்ப சுலபமானதுலேர்ந்து ரொம்ப கஷ்டமானது வரைக்கும் ஒரு ஏணி மாதிரி எழுதிக்கோங்க, கீழ்ப்படியில 3, 4 தடவை நின்னு பழகினதுக்கு அப்புறம் மேல ஏறுங்க. மாஸ்க் போட்டுக்கிட்டுப் போனாலும் பரவால்ல, போறதுதான் முக்கியம்.

படபடப்பு வரும்போது மூச்சை உள்ள இழுக்கறதைவிட வெளிய விடறதை நீளமா வெச்சுக்கோங்க, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்க, மூச்சு மெதுவா வெளிய போகும்போது இதயத்துடிப்பும் குறையும். ஆனா இதை பயம் வந்த அன்னிக்கு முதல்முதலா ட்ரை பண்ணாதீங்க, தினமும் சும்மா இருக்கும்போது 5 நிமிஷம் பழகி வெச்சாதான் தேவைப்படறப்போ கை கொடுக்கும். 3 மணிக்கு முழிச்சா மணி பாக்காதீங்க, ஃபோனைத் தொடவே தொடாதீங்க, தூக்கம் வரலைன்னா எழுந்து மங்கலான வெளிச்சத்துல உக்காந்துட்டு கண் சொக்கும்போது வந்து படுங்க, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில எழுந்துக்கற நேரத்தை மட்டும் மாத்தாதீங்க. மத்தியானத்துக்கு மேல காபி, டீ வேண்டாம்.

அடுத்தது அப்பா. நீங்க எழுதல, ஆனா இதே நிலைமையில வர்ற நிறைய பேர் மனசுல இருக்கறதால கேக்கறேன்: "என்கிட்டேர்ந்துதான் அவருக்குப் போச்சோ"ன்னு உள்ள அரிக்குதா? அறிகுறி தெரியறதுக்கு 1, 2 நாள் முன்னாடியே இந்த வைரஸ் அடுத்தவங்களுக்குப் பரவும். யார்கிட்டேர்ந்து யாருக்குன்னு ஒரு வீட்டுக்குள்ள யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது. நீங்க தனி ரூம்ல இருந்தது அவரைக் கைவிட்டதில்ல, மத்தவங்களைக் காப்பாத்தினது.

முகம் பாக்காத துக்கம் சீக்கிரம் ஆறாது, ஏன்னா விடை சொல்லாம போன மாதிரி இருக்கும். அதை இப்பவும் சொல்லலாம். அவருக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, கோபம் இருந்தா கோபத்தையும் எழுதுங்க. அவர் நோயைப் பத்தி மட்டும் பேசாம அவர் எப்படி சிரிப்பாரு, எதுக்குக் கோபப்படுவாருன்னு பையன்கிட்ட சொல்லுங்க. 6 மாசம் தாண்டியும் தினமும் அதே கனத்தோட ஏக்கம் அழுத்தி வேலை, சாப்பாடு, உறவுன்னு எல்லாத்தையும் முடக்கினா நீடித்த துக்கம்னு அதுக்கு மருத்துவத்துலயே பேர் இருக்கு, தனியா சிகிச்சையும் இருக்கு.

பையன்கிட்ட கத்திட்டேன்னு குத்த உணர்ச்சியில தவிக்கிறது உங்க எழுத்துல தெரியுது. 1955ல ஹவாயோட கவாய் தீவுல பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர்ங்கிற உளவியலாளர் பல வருஷம் பின்தொடர்ந்து ஆராய்ஞ்சாங்க. வறுமை, குடும்பப் பிரச்சனைன்னு ரொம்ப கஷ்டத்துல வளர்ந்தவங்கள்லயே மூணுல ஒரு பங்கு பேர் நல்லபடியா வளர்ந்து வந்தாங்க, அவங்களுக்குப் பொதுவா இருந்த முக்கியமான ஒண்ணு, நம்பி ஒட்டிக்க ஒரு பெரியவராவது இருந்தது. உங்க பையனுக்கு அந்தப் பெரியவர் நீங்கதான், அதனால கத்தின அன்னிக்கே அவன்கிட்ட போய் "அம்மா பயந்துபோய் கத்திட்டேன், உன்மேல தப்பில்ல"ன்னு சொன்னா போதும்.

ஒரு தடவை தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 டெஸ்ட் பண்ணிடுங்க, படபடப்பும் எரிச்சலும் இதுலயும் வரும். கொஞ்சம் வேலை செஞ்சா மறுநாள் அடிச்சுப் போட்ட மாதிரி ஆகுதுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, லாங் கோவிடா, அதாவது கொரோனா போனப்புறமும் நீடிக்கற பாதிப்பா இருக்கலாம், அப்ப உடற்பயிற்சியை வலுக்கட்டாயமா கூட்டக் கூடாது.

ஆனா இத்தனை வருஷம் ஆயிட்டதால நீங்க மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நேர்ல ஒரு தடவை பாக்கறது நல்லதுன்னு உறுதியா சொல்றேன். பேச்சு சிகிச்சையே போதுமா இருக்கலாம். மாத்திரை கொடுத்தா வேலை செய்ய சில வாரம் ஆகும், சரியாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. வாழ்ந்து என்ன ஆகப் போகுதுங்கிற மாதிரி நினைப்பு எட்டிப் பாத்தா மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, அன்னிக்கே பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

3 வாரம் கழிச்சு எத்தனை ராத்திரி மெஷினை எடுக்கலைன்னு எனக்கு எழுதுங்க.