டைகர் திரும்பும்போது ட்ராக் கழல்வது

1/35 அளவு டைகர் (இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கி) மாடலில், ரிமோட்டில் ஓட்ட இரண்டு என்20 மோட்டார் (கியர் வைத்த சிறு மோட்டார்) வைத்திருக்கிறீர்கள். நேராக ஓடுகிறது, திரும்பினால் ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) கழல்கிறது என்றீர்கள். மோட்டாரை மாற்றாதீர்கள், அதில் குறையில்லை. கிட்டில் ஐட்லரை (ட்ராக்கை இழுத்துப் பிடிக்கும் பின்சக்கரம்) அசையாமல் ஒட்டிவிட்டதால் ட்ராக் விறைப்பாக நிற்கிறது. திரும்பும்போது பக்கவாட்டு இழுப்பு முழுவதும் முன்னால் உள்ள ஸ்ப்ராக்கெட்டுக்கு (ட்ராக்கை ஓட்டும் பல்சக்கரம்) போகிறது. அது சாய்ந்ததும் பல் வழுக்கிவிடும்.

ஐட்லரைத் தாங்கும் கையை அறுத்தெடுத்து, 2 மி.மீ. திருகால் முன்பின் நகரும்படி மாட்டுங்கள். டைகரில் ட்ராக்கை மேலே தாங்கும் உருளைகள் கிடையாது, ஆகவே ட்ராக்கின் மேல்பகுதி சக்கரங்களின் மேல் தளர்ந்து படிய வேண்டும். அதுதான் சரியான அளவு. மோட்டார் தண்டை மட்டும் நம்பாமல், ஹல் (டாங்கியின் உடல்பெட்டி) சுவரில் 3 மி.மீ. உள்துளை பேரிங் ஒன்றும் கட்டாயம் வையுங்கள். ஒட்டிப்போன சக்கரம் ஒன்று இருந்தாலும் பயனில்லை. எல்லாம் விரல் பட்டாலே சுழல வேண்டும்.

ரிமோட் மிக்ஸிங்கில் (திரும்பும்போது இரு மோட்டார்களின் வேகத்தைப் பிரிக்கும் அமைப்பு) உள்பக்க ட்ராக்கை முழுதாக நிறுத்தாதீர்கள், மெதுவாக ஓடவிடுங்கள். அசல் டைகரும் அப்படித்தான் திரும்பியது. வினைல் ட்ராக்கின் இணைப்பைச் சூடுவைத்து உருக்கியது போதாது, நைலான் நூலால் தையுங்கள். கம்பளத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், முதலில் வழவழப்பான தரை.