குடும்ப மருத்துவரை யார் கவனிப்பது?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் என் மகள், அங்கே குடும்ப மருத்துவர்களின் பணியும் ஆய்வுக்கு உட்பட்டது என்கிறாள். தனித்து இயங்கும் மருத்துவரை எப்படிக் கண்காணிக்க முடியும்? – ஒரு வாசகி

பதில்: பிரிஸ்டல் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் குழந்தைகள் இறந்தது பெரும் கவலையாக எழுந்த 1990களின் இறுதியில், சிகிச்சையின் தரத்துக்கு நிறுவனமே பொறுப்பு என்ற நெறியைப் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை ஏற்றது. 15 நோயாளிகளைக் கொன்றதற்காக 2000ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்ட ஹரோல்டு ஷிப்மன், தனியே கிளினிக் நடத்திய குடும்ப மருத்துவர் என்பதே உங்கள் கேள்வியின் கனத்தைக் காட்டுகிறது. 2012 இறுதியிலிருந்து மருத்துவர்கள் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம் தகுதியை மறுஉறுதி செய்ய வேண்டும். 2013 முதல் இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர் கிளினிக்குகளும், சிகிச்சை நிலையங்களை ஆய்வு செய்யும் தர ஆணையத்தின் (Care Quality Commission) கீழ் வந்துவிட்டன.

நான் பெரிதும் மதிப்பது கிளினிக்கின் உள்ளிருந்தே நடக்கும் தணிக்கையைத்தான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோரில் எத்தனை பேருக்கு உரிய காலத்தில் ரத்தப் பரிசோதனை நடந்தது என்று பதிவேட்டைப் பார்த்து எண்ணி, விடுபட்டவர்களை அழைத்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் எண்ணுவார்கள். அந்த இரண்டாவது எண்ணிக்கை இல்லாவிட்டால் முதலாவதால் நோயாளிக்குப் பயனில்லை. தவறு நேர்ந்தால் வரவேற்பாளர், செவிலியர் உட்பட அனைவரும் கூடி, ஏற்பாடு எந்த இடத்தில் பிசகியது என்று ஆராய்கிறார்கள். தர ஆணையத்தின் ஆய்வறிக்கைகள் இணையத்தில் வெளியாவதால், உங்கள் மகள் தாம் சிகிச்சைக்குச் செல்லும் கிளினிக்கின் அறிக்கையைத் தேடிப் படிக்கலாம்.